பெக்கம் முடிதிருத்தகமும் ஊர் திரும்பும் கனவும்

நகைச்சுவையை நம் முன்னோர் சிறிதாக எண்ணினார் அல்லர். எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடம் ஆகிய நான்கினின்றும் நகை பிறக்கும் என்பது அவர் கண்ட முடிபு. இவற்றுள் எள்ளலுக்கு உரை கூற வந்தோர் அதனை இருவகையாகப் பிரித்தனர். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒரு வகை. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் சிரித்துவிடுவது மற்றொரு வகை. பிழைப்பைத் தேடி வேற்றூர் சென்று வாழ்வோரைப் பற்றி எழுந்த நகைச்சுவைகளை எடைபோட இதனினும் நல்ல துலாக்கோல் எனக்குக் கிட்டவில்லை. வந்தேறியைப் பார்த்து ஊரார் சிரிப்பது உண்டு. ஊராரோடு சேர்ந்து, வேறு வழியின்றி, வந்தேறி தன்னையே பார்த்துச் சிரிப்பதும் உண்டு. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது சிரிப்பு ஒன்றுண்டா என்னும் வினாவுக்கு விடையாக அமைந்தது, பிரிட்டனில் 1989 முதல் 1994 வரை ஒளிபரப்பான ‘டெஸ்மண்ட்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர்.

இலண்டன் மாநகரின் தென்கிழக்கில் பெக்கம் என்றொரு பகுதி. உழைப்பாளிகள் நிறைந்த, பகட்டில்லாத இடம். அங்கே ஒரு முடிதிருத்தும் நிலையம். நம் வழக்கில் சொன்னால் சலூன். அதன் உரிமையாளர் டெஸ்மண்ட் ஆம்புரோஸ், தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானாவிலிருந்து இளமையில் கப்பலேறி வந்தவர். கீழே கடை, மேலே வீடு. மனைவி ஷெர்லி, மக்கள் மூவர், கடைக்கு நாள்தோறும் வந்து முடி வெட்டிக்கொள்ளாமலே பொழுதைப் போக்கும் நண்பர்கள், இவ்வளவே கதைக்களம். ஆறு பருவங்களாக 71 பகுதிகள் வந்தன. சானல் 4 நிறுவனம் ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர்களில் இத்தனை பகுதிகள் கண்டது பிறிதொன்று இல்லை.

இதனைப் படைத்தவர் டிரிக்ஸ் வொரெல். செயின்ட் லூசியாத் தீவில் பிறந்து, சிறுவயதில் பிரிட்டன் வந்து சேர்ந்தவர். தயாரிப்பாளர் ஹம்ஃப்ரி பார்க்ளேயைக் காணப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, கையில் சொல்லத்தக்க கதை ஏதும் இல்லையாம். சன்னல் வழியே பெக்கத்து முடிதிருத்தகம் ஒன்று கண்ணிற் பட்டது. உள்ளே வேலை செய்வோர் வேலையை விட்டுவிட்டுத் தெருவில் செல்லும் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றனர். பேருந்திலிருந்து இறங்கும்போது கதை உருவாகிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். பேருந்து சற்று விரைந்து சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முடிதிருத்தகத்தைத் தேர்ந்ததில் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவினரை ஏற்றிக்கொண்டு டில்பரித் துறையில் வந்து நின்றது. அதனைத் தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். வேலை கொடுத்த நாடு அறை கொடுக்கத் தயங்கியது. அறை கிடைத்தாலும் தலைமுடி வெட்டிக்கொள்ள இடம் இல்லை. வெள்ளையர் கடைகளில் இவர்தம் சுருள்முடியை வெட்டத் தெரியாது என்று கைவிரித்தனர். தெரிந்தாலும் வெட்ட மனமில்லாதோரும் இருந்தனர். ஆகவே ஒருவர் வீட்டுச் சமையலறையில் மற்றொருவர் முடி வெட்டிவிடுவதில் தொடங்கி, பின்னர்த் தெருவோரத்தில் தமக்கெனக் கடைகள் எழுந்தன. தேவாலயமும் மதுக்கடையும் பிறர் கையில் இருந்த ஊரில், முடிதிருத்தகம் ஒன்றே இம்மக்கள் தலை நிமிர்ந்து, உரத்த குரலில், தம் மொழியில் பேசத்தக்க மன்றமாயிற்று. சலூனில் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க, நால்வர் விவாதிக்க வளர்ந்த நமக்கு இது விளக்க வேண்டுவதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு. நம் ஊர்ச் சலூனில் பேசுவோர் சொந்த ஊரில் இருந்து பேசுகின்றனர். டெஸ்மண்டின் கடையில் பேசுவோர் ஊரைப் பற்றிப் பேசுகின்றனர்.

இத்தொடருக்கு முன் பிரிட்டன் தொலைக்காட்சியில் நிலைமை என்ன? 1972 முதல் 1976 வரை ‘லவ் தை நெய்பர்’ என்றொரு தொடர் வந்தது. அடுத்தடுத்த வீட்டில் ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பர். இருவரும் ஒருவரையொருவர் நிறத்தைச் சொல்லி வைவதே நகைச்சுவை. அதனை எழுதிய இருவருள் ஒருவரான வின்ஸ் பவல் பின்னர் 1977-இல் ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ எழுதினார். அதனை நம்மில் அறியாதார் குறைவு. ஆங்கிலம் கற்க மாலை வகுப்புக்கு வந்த பல நாட்டினர் ஆங்கிலத்தைத் தவறாகப் பேசுவர், அரங்கு சிரிக்கும். நாமும் சிரித்தோம். தலைப்பாகையோடு வந்த சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்குச் சற்று உறுத்தியது. எவர் எந்த வேடம் பூண்டாலும் போதும், வெள்ளை அல்லாதவரெல்லாம் ஒன்றே என்பதுதானே அதன் உட்கருத்து? உரையாசிரியர் வகுத்த இருவகை எள்ளலும் இவ்விரு தொடர்களில் நிரம்பவே இருந்தன.

டெஸ்மண்டாக நடித்த நார்மன் பீட்டனும் அவ்வழியில் நெடுந்தொலைவு நடந்து வந்தவரே. 1934-இல் கயானாவில் பிறந்தவர், ஆசிரியராகப் பணியாற்றியவர், கலிப்சோப் பாடகர். 1976-77-இல் ‘தி ஃபாஸ்டர்ஸ்’ என்னும் தொடரில் குடும்பத் தலைவராக வந்தார். கறுப்பர் குடும்பத்தைப் பற்றியதுதான். எனினும் அமெரிக்கத் தொடர் ஒன்றின் கதைகளை எடுத்து இலண்டனுக்கு மாற்றியது. இரவல் சட்டை எவ்வளவு அழகாயினும் தோளில் இடிக்கும். அடுத்து 1978-79-இல் பி.பி.சி.யின் ‘எம்பயர் ரோடு’. இதனை எழுதிய மைக்கேல் ஆபென்செட்ஸும் கயானாவில் பிறந்தவர். அங்குதான் பீட்டனுக்குத் தம் குரல் கிடைத்தது எனலாம். ‘டெஸ்மண்ட்ஸ்’ வந்தபோது அவர் ஐம்பத்தைந்தை எட்டும் வயதினர். முகப்புப் பாடலையும் அவரே பாடினார்.

முகப்புப் பாடல் முடிந்து கடை திறந்ததும் நம் கண்ணிற் படும் புதுமை இது: அக்கடையில் கூலிக்கு வேலை செய்யும் டோனி ஒரு வெள்ளை இளைஞன். முதலாளி கறுப்பர், பணியாளன் வெள்ளையன். இதைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதே இத்தொடரின் பேராற்றல் என்பது என் துணிபு. மகள் குளோரியாவின் உயிர்த்தோழி லூயிஸும் வெள்ளைப் பெண்ணே. வெள்ளையர் இங்கே பகைவராகவும் வரவில்லை, காப்பாளராகவும் வரவில்லை. வேறொருவர் வீட்டுக்கு வந்த விருந்தினராக வருகின்றனர். வெள்ளையரின் நகைப்புக்கும் வெறுப்புக்கும் விடைசொல்லியே களைத்துப்போன ஓர் இனம், அவர்களை மறந்துவிட்டுத் தன் வீட்டுக் கதையைப் பேசத் தொடங்கியது இங்குதான்.

இதனைக் குறையாகக் கண்டவர்களும் உண்டு. 1981-இல் பிரிக்ஸ்டனில் கலவரம் மூண்டது. காவல்துறையோடு இளைஞர்கள் மோதினர். பெக்கத்திலிருந்து பிரிக்ஸ்டன் தொலைவில் இல்லை. அத்தகைய தீ எரிந்த பகுதியில் கடை வைத்திருக்கும் குடும்பத்தைக் காட்டும்போது இனவெறியைப் பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பது கோழைமை அன்றோ என்பது அவர்தம் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உண்மையில் இத்தொடரின் பெக்கம் உள்ளதினும் சற்று மென்மையானதே. ஆயினும் நான் இவ்வாதத்தை முழுதும் ஏற்கவில்லை. துன்பத்தைக் கொண்டு மட்டுமே ஒரு மக்களை அறிய விரும்புவதும் ஒருவகை இழிவுபடுத்தலே. கடன், படிப்பு, மகளின் காதல், மகனின் செருக்கு, மனைவியின் கோபம் ஆகியவை வெள்ளையர் வீட்டில் மட்டும் நிகழ்வன அல்லவே.

பாத்திரங்களுள் எனக்கு மிக உவப்பானவர் மாத்யூ. காம்பியா நாட்டிலிருந்து படிக்க வந்தவர்; படிப்பு முடிந்தபாடில்லை. எதற்கெடுத்தாலும் ஆப்பிரிக்கப் பழமொழி ஒன்றைக் கூறத் தொடங்குவார். கடையில் உள்ளோர் முனகுவர். கானா நாட்டவரான ஜியர்புவோர் அசான்டே இப்பாத்திரத்தில் காட்டிய பெருமிதம் மறக்கவொண்ணாதது. சிரிப்பைக் கடந்து இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மேற்கிந்தியத் தீவினருக்கு ஆப்பிரிக்கரிடம் ஒரு மறைமுக ஏளனம் உண்டு. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர் வழிவந்தோருக்கும், ஏற்றப்படாதோர் வழிவந்தோருக்கும் இடையே இருந்த பழைய இடைவெளி அது. டெஸ்மண்ட், மாத்யூவைச் சீண்டும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி தெரிகிறது. மாத்யூ மறுநாளும் அதே நாற்காலியில் வந்து அமரும்போது அது சுருங்குகிறது. வெளியாரிடம் ‘தமிழர்’ என்று ஒன்றாக நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் எந்த மாவட்டம், யார் வீட்டுப் பேச்சு என்று துருவும் நாம் இதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் சிறிது தயங்கவே செய்வோம். பிற்பகுதிகளில் இப்பழமொழி விளையாட்டை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிரிப்பொலி வரும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நகை செத்துவிடுகிறது.

‘போர்க்பை’ என்று பெயர்பெற்ற அகஸ்டஸ் கிராண்ட், தலையில் வைக்கும் தொப்பியின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவர். ராம் ஜான் ஹோல்டர் நடித்தார். அவரும் ஜார்ஜ்டவுனில் பிறந்து பாடகராக வாழ்ந்தவர். டெஸ்மண்டும் போர்க்பையும் இளமையில் ‘ஜார்ஜ்டவுன் டிரீமர்ஸ்’ என்னும் இசைக்குழுவில் இருந்தவர்களாம். அந்தப் பெருமையை எத்தனை முறை சொன்னாலும் அவர்களுக்கு அலுப்பதில்லை. குழுவின் பெயரிலேயே கனவு இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மக்கள் மூவரும் மூன்று திசை. மூத்தவன் மைக்கேல் வங்கி அதிகாரி. அவன் உடையும் ஒழுங்கான ஆங்கிலமும் தந்தையின் கடையைச் சற்று நாணத்தோடு நோக்குவன. குளோரியா துடிப்பானவள். இளையவன் ஷான் கணினியிலும் ராப் இசையிலும் மூழ்கியவன். இவனுடைய தோழன்போல் வந்துபோகும் லீ, எங்கிருந்தோ கிடைத்த பொருளை எவரிடமோ விற்றுப் பிழைப்பவன். இவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் ஒரு குடும்பத்துக்குள் மூன்று மொழிகள் ஒலிப்பது தெரியும். டெஸ்மண்டும் போர்க்பையும் பேசுவது கரிபியக் கடற்காற்று வீசும் ஆங்கிலம். ஷானும் லீயும் பேசுவது தென் இலண்டன் தெருமொழி. மைக்கேலுடையது வங்கிக் கடிதத்தின் மொழி. தாய் ஒன்று சொல்ல மகன் வேறொன்றில் விடை கூறுகிறான். தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியில் விடை வரும் வீடுகளில் வாழும் நமக்கு இதில் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பிள்ளைகளின் இந்தப் பேச்சை எழுத்தாளர் இழிவாகவும் காட்டவில்லை, வீழ்ச்சியாகவும் காட்டவில்லை. புலம்பெயர் இலக்கியத்தில் பெரும்பாலும் மூத்தோரின் பெருமூச்சே கேட்கும். இங்கு இளையோருக்கும் நகைக்க உரிமை உண்டு.

இனி அந்தக் கனவுக்கு வருவோம். போதிய பணம் சேர்ந்ததும் கடையை விட்டுவிட்டு, கயானாவுக்குத் திரும்பிச் சென்று அங்கே வீடு கட்டிக்கொண்டு வாழவேண்டும் என்பது டெஸ்மண்டின் தீராத ஆசை. ஐந்தாண்டுத் திட்டம் என்று வந்தவர் பலரும் முப்பது ஆண்டு தங்கிவிட்ட தலைமுறை அது. நுட்பமாக நோக்கினால் டெஸ்மண்ட் திரும்ப விரும்பும் நாடு வரைபடத்தில் இல்லை. அவர் விட்டுவந்தது ‘பிரிட்டிஷ் கயானா’ என்னும் குடியேற்ற நாடு. அது 26-5-1966 அன்று விடுதலை பெற்றது, 1970-இல் குடியரசாயிற்று. பின்னர்ப் பொருளாதாரம் சரிந்து, 1980களின் தொடக்கத்தில் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை வந்தது. டெஸ்மண்ட் கனவு காணும் அதே ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தனர். இதனை எழுத்தாளர் உரையாடலில் விரிக்கவில்லை. ஆயினும் அறிந்து பார்ப்போருக்கு டெஸ்மண்டின் ஒவ்வொரு பெருமூச்சும் சிரிப்போடு சேர்ந்து ஒரு கசப்பையும் தரும்.

கயானாவைப் பற்றிப் பேசும்போது ஒரு மனக்குறையையும் பதிவுசெய்தல் வேண்டும். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறையிலிருந்து சென்றனர். சென்னைத் துறையிலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். ‘மதராஸி’ என்றே அழைக்கப்பட்ட அவர்கள் வழியில் மாரியம்மன் வழிபாடு அங்கு இன்றும் நிலைத்திருக்கிறது. கயானாவின் மக்களுள் பெரிய பிரிவினர் இந்திய வழியினரே. டெஸ்மண்டின் நினைவுலகிலிருந்து இவர்களைப் பற்றி நாம் அதிகம் அறிந்துகொள்ள முடிவதில்லை. இலண்டன் முடிதிருத்தகத்தில் கயானாவின் ஒரு பாதிதான் அமர்ந்திருக்கிறது. இது குற்றச்சாட்டன்று. ஊரை நினைக்கிறவன் தன் தெருவைத்தான் நினைப்பான்.

ஷெர்லியாக நடித்த கார்மன் மன்றோவும் கயானாவில் பிறந்தவர்; 1986-இல் தோன்றிய ‘தலாவா’ நாடகக் குழுவின் நிறுவனருள் ஒருவர். என் மதிப்பில் இத்தொடரின் உண்மையான நடுத்தூண் இவரே. டெஸ்மண்ட் கனவு காண்பதற்கு வேண்டிய ஓய்வைத் தருவது ஷெர்லியின் உழைப்பு. கணவர் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசும்போது அவர் மறுப்பதில்லை. உடன்பட்டு மூட்டை கட்டுவதும் இல்லை. அவருக்கு ஊர் என்பது மக்கள் மூவரும் இருக்கும் இடம், அது பெக்கம். ஆண்கள் நினைவால் வாழ, பெண்கள் நாளையால் வாழ்கிறார்கள் என்பதைச் சொற்பொழிவின்றி, ஒரு பார்வையால், தோளில் துண்டைப் போடும் வகையால் மன்றோ காட்டிவிடுகிறார். முழுப் பருவத்தையும் தொடர்ந்து பார்த்தால், டெஸ்மண்டை ஊருக்குப் போகவிடாமல் தடுப்பது பணமும் அன்று, ஷெர்லியும் அன்று என்பது விளங்கும். போய்விட்டால் கனவுக்கு என்ன வேலை? அதனை அவரும் அறிந்தே இருக்கிறார்.

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லலாம். மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் விடுப்புப் பயணச் சலுகைக்காகச் ‘சொந்த ஊர்’ எது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதனைப் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறைதான், அதுவும் தக்க காரணம் காட்டித்தான், மாற்றிக்கொள்ளலாம். அத்தகைய விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்ததுண்டு. பெற்றோர் மறைந்தனர், வீடு விற்றாயிற்று, நிலம் பங்காளி கைக்குப் போயிற்று என்று காரணம் எழுதியிருப்பர். ஆயினும் மாற்றக் கேட்போர் மிகக் குறைவே. அங்கே போய் நிற்கத் திண்ணைகூட இல்லாதவரும் பழைய ஊர்ப்பெயரை அப்படியே விட்டுவைப்பர். டெஸ்மண்டைப் பார்த்தபோது அந்தப் பணிப்பதிவேட்டுப் பக்கங்களே என் நினைவுக்கு வந்தன. அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு எவ்வகை எள்ளலைச் சேர்ந்தது என்று உரையாசிரியரைத்தான் கேட்கவேண்டும். தம்மவரோடு அமர்ந்து தம்மவரையே பார்த்துச் சிரிப்பது. பக்கத்தில் அயலார் இருக்கிறாரா என்று திரும்பிப் பாராமல் சிரிப்பது. இதனை மூன்றாவது வகையாகச் சேர்க்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிற்பருவங்களில் வேறு எழுத்தாளர்களும் கதை எழுதினர். புதியவர்களுக்கு வாய்ப்பளித்தது பாராட்டுக்குரியது. ஆனால் முதல் பருவங்களில் இருந்த நெருக்கம் சில பகுதிகளில் தளர்ந்தது உண்மை. டோனி விலகியபின் கடையின் சமநிலையும் சற்று மாறியது. பீட்டனின் உடல்நலம் குன்றிவந்ததைக் கடைசிப் பருவத்தில் அவர் நடையிலும் குரலிலும் காணலாம். படப்பிடிப்பு முடிந்தபின் அவர் கயானாவுக்குச் சென்றார். 13-12-1994 அன்று ஜார்ஜ்டவுனில் காலமானார். தொடரின் இறுதிப் பகுதி ஆறு நாள் கழித்து, 19-12-1994 அன்று ஒளிபரப்பாயிற்று. இதனை அறிந்து அப்பகுதியைப் பார்ப்பவருக்குச் சிரிப்பொலி வரும் இடங்களில் சிரிக்க இயலாது. எனக்கு இயலவில்லை.

போர்க்பைக்குப் பரிசுச்சீட்டில் பெருந்தொகை விழுந்ததாகக் கதை அமைத்து, அவர் பெயரிலேயே 1995-இல் ஒரு தொடர் தொடங்கினர். இரண்டு பருவங்களோடு அது நின்றுவிட்டது. ஹோல்டரின் நடிப்பில் பழுதில்லை. டெஸ்மண்டின் கடையில் ஓர் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து ஒத்துப் பேசிய மனிதருக்குத் தனி வீடும் பணமும் கொடுத்தபின், அவரோடு ஒத்துப் பேச எதிரில் ஆள் இல்லாமற் போய்விட்டது.